சூரியனுக்குக் கணக்கு எழுதியவர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் ஒரு டியூப்லைட் எரிகிறது. சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த பழைய விளக்கு. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் அநேகமாக இதுதான் கடைசி. சென்ற மாதம் வந்த மின்பணியாளர் இதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பொருத்தச் சொன்னார். மின்செலவைக் கணக்கிட்டால் அவர் சொன்னதே சரி. பொருளியல் கற்பித்தவன் அதை மறுப்பது அழகல்ல. ஆயினும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் நான் வகுப்பறையில் செய்த ஒரு பிழை நினைவுக்கு வருகிறது. அது மறந்துபோவதில் எனக்கு விருப்பமில்லை.

ஐந்தாண்டுத் திட்டங்களின் முன்வரலாற்றை ஆண்டுதோறும் பாடமாக நடத்தியவன் நான். 1938-இல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது தேசியத் திட்டக் குழு அமைக்கப்பட்டது, நேரு அதற்குத் தலைவரானார், சாஹா போன்ற அறிவியலாளர்களும் அதில் இடம்பெற்றனர் என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுவேன். ஓராண்டு, இயற்பியலில் இளநிலை முடித்துவிட்டு முதுநிலைப் பொருளியலுக்கு வந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, அயனியாதல் சமன்பாட்டின் சாஹாவும் இவரும் ஒருவர்தானா என்று கேட்டார். அவர் வேறு, இவர் வேறு என்று தயங்காமல் சொல்லிவிட்டேன். அன்று மாலை நூலகத்தில் தேடிப் பார்த்தபோதுதான் இருவரும் ஒருவரே என்று தெரிந்தது. அடுத்த வகுப்பில் திருத்திக்கொண்டேன். ஆனால் கேள்வி கேட்ட மாணவர் அன்று வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். தேர்வும் வந்தது, பிரிவும் வந்தது.

அதன் பிறகுதான் மேகநாத சாஹாவின் வாழ்க்கையை ஆர்வத்துடன் படிக்கத் தொடங்கினேன்.

இன்றைய வங்கதேசத்தில், டாக்காவை அடுத்த செவ்ராதலி என்ற சிற்றூரில் 1893 அக்டோபர் 6 அன்று அவர் பிறந்தார். தந்தை ஜெகந்நாத் சாஹாவுக்குச் சிறிய மளிகைக் கடை. எட்டுக் குழந்தைகளில் இவர் ஐந்தாமவர். புயல் வீசிய இரவில் பிறந்ததால் மேகங்களின் தலைவனான இந்திரன் பெயரால் மேகநாத் என்று பெயரிட்டதாகச் சொல்வார்கள். பின்னாளில் அவர் அதைச் சற்றே மாற்றி, இராவணன் மகன் இந்திரசித்தின் இயற்பெயரான மேகநாத என்பதை ஏற்றுக்கொண்டார். இந்திரன் பெயரை விட்டு, இந்திரனை வென்றவன் பெயரைச் சூடிக்கொண்டது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

மழைக்காலத்தில் அந்த ஊரில் வீடுகள் தீவுகளாகிவிடும். படகில்தான் போக வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகுகள் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை நேர்ந்த துயரம். அந்தச் சிறுவனுக்கு அது ஆண்டுதோறும் வருவது.

மகனைக் கடையில் உட்காரவைக்கவே தந்தை விரும்பினார். தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க ஊரில் வழியில்லை. நடுநிலைப் பள்ளி சுமார் ஏழு மைல் தள்ளி சிமுலியாவில் இருந்தது. அங்கு அனந்த குமார் தாஸ் என்ற மருத்துவர் தம் வீட்டில் தங்கவும் உண்ணவும் இடம் தந்தார். தன் பாத்திரத்தைத் தானே கழுவ வேண்டும், வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை நிபந்தனைகள். அந்த வீட்டில் ஒரு திண்ணை கிடைத்திராவிட்டால் இன்று நட்சத்திரங்களைப் படிக்கும் முறையே வேறொருவர் பெயரில், வேறொரு காலத்தில் வந்திருக்கும்.

உதவித்தொகை பெற்று டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். 1905-இல் வங்கப் பிரிவினை வந்தது. ஆளுநரின் பள்ளி வருகையைப் புறக்கணித்த மாணவர்களில் அவரும் ஒருவர். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. வேறொரு பள்ளியில் சேர்ந்து, 1909-இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காளத்திலேயே முதலாவதாக வந்தார். 1911-இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். மகலனோபிஸ் ஓராண்டு மூத்தவர். இளநிலையிலும் முதுநிலையிலும் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். இப்படியொரு கூட்டம் ஒரே கல்லூரியில் மீண்டும் அமையவில்லை.

அதே காலத்தில், ஈடன் இந்து விடுதியில் அவர் சாதியைக் காட்டி, உடன் அமர்ந்து உண்ண மறுத்தவர்களும் இருந்தார்கள். கணிதத்தில் தங்களைவிட மேலானவரைச் சாப்பாட்டு அறையில் விலக்கிவைத்த அந்தப் படித்த இளைஞர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கவில்லை. தோழர்கள் சிலர் சாஹாவுடன் விடுதியைவிட்டு வெளியேறினர். பிற்காலத்தில் சடங்குகளையும் மரபின் பெருமைகளையும் பற்றி அவர் எழுதியவற்றில் தெரியும் கடுமைக்கு அந்தச் சாப்பாட்டு அறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புரட்சியாளர்களுடன் தொடர்புடையவர் என்ற ஐயத்தால் நிதித்துறைப் பணிக்கான தேர்வு எழுத அனுமதி கிடைக்கவில்லை. என் துறை ஒரு நல்ல கணக்காயரை இழந்தது. 1916-இல் கொல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளரானார். உலகப் போரால் ஐரோப்பிய ஆய்விதழ்கள் வருவது அரிதாகியிருந்தது. ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டு, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளைப் போஸுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். மகலனோபிஸ் எழுதிய முன்னுரையுடன் அது 1920-இல் நூலாயிற்று. இடையில் கதிர்வீச்சு அழுத்தம் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையை அமெரிக்க வானியற்பியல் இதழுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது. விரிவுரையாளர் சம்பளத்தில் அது முடியவில்லை. முழுக் கட்டுரை கொல்கத்தாவின் பல்கலைக்கழக இதழில் வெளியாகி, பலர் கண்ணில் படாமலே போனது.

அவருக்கு நிலைத்த புகழைத் தந்த கட்டுரை 1920 அக்டோபரில் இங்கிலாந்தின் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் வெளிவந்தது. சூரியனின் வெளியடுக்கில் நிகழும் அயனியாதல் பற்றியது. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். பொருளியல்காரனுக்கே புரிந்தது என்றால் வாசகர்களுக்கும் புரியும்.

சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தனிமங்கள் ஒவ்வொன்றும் தன் கோடுகளைக் காட்டும். சூரிய விளிம்பில் மிக உயரத்தில் தெரிந்தவற்றுள் கால்சியத்தின் இரு கோடுகள் முக்கியமானவை. நம் கொடைக்கானல் வானாய்வகம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்து வருவது அந்தக் கோடுகளில் ஒன்றின் ஒளியில்தான். அவை சாதாரணக் கால்சியத்தின் கோடுகள் அல்ல. ஓர் எலெக்ட்ரானை இழந்த கால்சியத்துக்கு உரியவை. ஆய்வகத்தில் அவற்றை வலுவாகப் பெறக் கடுமையான மின்பொறி தேவைப்பட்டது. அப்படியானால் சூரியனின் மேலடுக்கு, அடியில் உள்ள பரப்பைவிட வெப்பம் மிக்கதாக இருக்க வேண்டுமா? அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு ஏறுமா? வானியலாளர்கள் திகைத்துநின்ற இடம் இது.

சாஹா இதை வேதியியலாகப் பார்த்தார். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் இட்டால் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு சுண்ணாம்பும் கரியமில வாயுவுமாகப் பிரிகிறது. அதுபோல, கால்சியம் அணு ஆற்றலை ஏற்றுக்கொண்டு அயனியும் எலெக்ட்ரானுமாகப் பிரிவதும் ஒரு வேதிவினைதான் என்று அவர் கொண்டார். ஜெர்மன் வேதியியலாளர் எக்கர்ட் 1919-இல் விண்மீன்களின் உட்பகுதிக்கு இத்தகைய அணுகுமுறையைக் கையாண்டிருந்தார். ஆனால் எந்தத் தனிமத்துக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற அளவை அவர் தோராயமாகவே கொண்டிருந்தார். ஆய்வகத்தில் அளந்த அயனியாக்க ஆற்றலையே கணக்கில் இட வேண்டும் என்று கண்டது சாஹா. சோடியத்துக்கு 5.1 எலெக்ட்ரான் வோல்ட், கால்சியத்துக்கு 6.1, ஹைட்ரஜனுக்கு 13.6. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு விலை. வெப்பநிலைதான் கையிலிருக்கும் பணம்.

ஆனால் விலையும் பணமும் மட்டும் போதாது என்பதில்தான் அவருடைய நுட்பம் இருக்கிறது. பிரிந்த எலெக்ட்ரான் மீண்டும் ஓர் அயனியைச் சந்தித்தால் சேர்ந்துவிடும். நெரிசல் குறைவாக இருந்தால் அந்தச் சந்திப்பு அரிது. எனவே வெப்பம் கூடாமலேயே, அழுத்தம் குறைந்தாலே அயனிகளின் பங்கு உயரும். சூரியனின் உயரடுக்கில் கால்சியம் எலெக்ட்ரானை இழந்து நிற்பதற்கு அங்குள்ள வெறுமையே காரணம் என்று அவருடைய சமன்பாடு காட்டியது. அத்துடன் ஒரு முன்கணிப்பும் இருந்தது. ருபிடியம் மிக எளிதில் எலெக்ட்ரானை இழப்பதால் சூரியனில் அதன் வழக்கமான கோடுகள் தெரிவதில்லை. வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் தேடினால் தெரியலாம் என்றார். அமெரிக்க வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் தேடினார், தெரிந்தது.

1925-இல் ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண் இந்தச் சமன்பாட்டைக் கொண்டு விண்மீன்களின் கோடுகளைக் கணக்கிட்டு, அவை பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சந்திரசேகர் 1930 தொடக்கத்தில் அலகாபாத் அறிவியல் மாநாட்டுக்குச் சென்றபோது, அங்குப் பேராசிரியராக இருந்த சாஹா அவரைப் பாராட்டி வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். விடுதியில் உடன் உண்ண மறுக்கப்பட்டவர், பத்தொன்பது வயது மாணவருக்கு அளித்த விருந்து அது.

இனி என் டியூப்லைட்டுக்கு வருகிறேன். அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த இத்தகைய வாயுவுக்கு பிளாஸ்மா என்று பெயரிட்டவர் லாங்மூர், 1928-இல். சாஹா எழுதியபோது அந்தப் பெயரே இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் அண்மைக்காலம் வரை மஞ்சளாக எரிந்த உயரழுத்த சோடியம் விளக்கில், எலெக்ட்ரான்களும் அணுக்களும் நெருக்கமாக மோதிக்கொள்வதால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை. அங்கே சாஹாவின் கணக்கு பெரும்பாலும் செல்லும். டியூப்லைட் அப்படியல்ல. உள்ளே அழுத்தம் மிகக் குறைவு. மின்புலம் எடைகுறைந்த எலெக்ட்ரான்களை விரட்டுகிறது. அவை கனத்த அணுக்களில் மோதினாலும், பந்து சுவரில் பட்டுத் திரும்புவதுபோல, தம் ஆற்றலில் சிறு துளியையே இழக்கின்றன. ஆகவே எலெக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கு மேல். வாயுவோ கைபொறுக்கும் சூடு. ஒரே குழாயில் இரண்டு வெப்பநிலைகள்! வருமான ஏற்றத்தாழ்வைக் கற்பித்தவனுக்கு இது அந்நியமான காட்சியன்று. சராசரியைச் சொன்னால் எதையும் சொன்னதாகாது.

இந்த ஏற்றத்தாழ்வில்தான் குறைவெப்பப் பிளாஸ்மாவின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூற்றை உடைக்க 5.1 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதை வெப்பமாகக் கொடுத்தால் வாயு முழுவதையும் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில், உருவாகும் ஓசோன் உடனே சிதைந்துவிடும். மின்புலத்தால் எலெக்ட்ரான்களுக்கு மட்டும் ஆற்றலை ஊட்டினால், அவை மூலக்கூற்றை உடைக்கும். உடைந்த அணு குளிர்ந்த வாயுவில் மற்றோர் ஆக்சிஜனுடன் சேர்ந்து ஓசோனாகி நிலைத்திருக்கும். சீமென்ஸ் 1857-இல் அமைத்த ஓசோன் கருவி இப்படித்தான் இயங்கியது. குடிநீரைத் தூய்மையாக்கும் இன்றைய கருவிகளும் இப்படித்தான். நைட்ரஜனை உடைக்க ஏறத்தாழ இருமடங்கு, 9.8 வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வேயில் பிர்க்லாந்து மின்வில்லால் காற்றிலிருந்து உரம் செய்தார். மின்செலவு தாங்காமல் அம்முறை ஹேபர் முறையிடம் தோற்றது. ஆற்றலை எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு, யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் விளைவைத் தீர்மானிக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் கைப்பேசிகளுக்குள் வைக்கப்படும் சில்லுகளின் நுண்கோடுகள், எங்கோ ஒரு நாட்டில், இந்தக் குளிர்ந்த பிளாஸ்மாவால் செதுக்கப்பட்டவையே. சமநிலை இல்லாத இந்த வாயுக்களுக்குச் சாஹாவின் சமன்பாடு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அயனியாதலையும் ஒரு வேதிவினையாகக் கொண்டு வரவுசெலவு எழுதலாம் என்று முதலில் உறுதியாகக் காட்டியது அதுதான்.

தம் கோட்பாட்டை ஆய்வகத்தில் சோதிக்க வசதி தேடி பெர்லினில் நெர்ன்ஸ்ட்டின் ஆய்வகத்துக்குப் போனார். இந்தியா திரும்பியபின் 1923 முதல் அலகாபாத்தில் பதினைந்து ஆண்டுகள், பிறகு மீண்டும் கொல்கத்தா. 1927-இல் லண்டன் ராயல் கழக உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை.

நாற்பது வயதுக்குப் பின் அவர் நாட்டம் விண்மீன்களிலிருந்து நாட்டின் பக்கம் திரும்பியது. மாணவப் பருவத்திலேயே வெள்ள நிவாரணத்தில் உழைத்தவர். 1935-இல் 'சயின்ஸ் அண்ட் கல்ச்சர்' இதழைத் தொடங்கி, ஆறுகளைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் ஓயாது எழுதினார். ஒரு நாடு தலைக்கு எவ்வளவு ஆற்றலைப் பயன்படுத்துகிறதோ அதுவே அதன் முன்னேற்றத்தின் அளவு என்பது அவர் உறுதி. கைராட்டைப் பொருளாதாரத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை, அதை மறைக்கவுமில்லை. 1943-இல் தாமோதர் நதி உடைப்பெடுத்தபின் அமைந்த விசாரணைக் குழுவில் இருந்து, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டம் போன்ற ஒன்றை வலியுறுத்தினார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. எட்டு அணைகள் என்று வரைந்த திட்டத்தில் முதலில் எழுந்தவை நான்கே.

இங்கே எனக்கு அவரிடம் ஒரு முரண்பாடு உண்டு. ஆற்றல் பெருகினால் வறுமை தானே அகலும் என்று அவர் நம்பினார். அணைக்கு நிலம் கொடுத்தவன் வீட்டில் விளக்கு எரிந்ததா என்ற கேள்வியை அவர் அதே வேகத்துடன் எழுப்பவில்லை. மொத்த ஆற்றல் ஒன்றாகவே இருந்தாலும், அது யாரிடம் சேர்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்பதை அந்த டியூப்லைட் சொல்கிறது. சமநிலையின் மேதைக்கு அது நாட்டின் கணக்கில் படாமல் போனது வியப்புத்தான்.

அணுக்கருவியலில் அவர் கொல்கத்தாவில் உருவாக்கிய நிறுவனத்தை 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்துவைத்தார். ஆனால் நாட்டின் அணுசக்தித் துறை ஹோமி பாபாவின் தலைமையில் வேறு வழியில் சென்றது. முதலில் பல்கலைக்கழகங்களில் ஆள்களைப் பயிற்றுவிக்க வேண்டும், எல்லாவற்றையும் ரகசியத் திரைக்குள் வைக்கக் கூடாது என்ற அவர் வாதம் எடுபடவில்லை. 1952-இல் கொல்கத்தா வடமேற்குத் தொகுதியில் நின்று வென்று மக்களவைக்குச் சென்றார். கிழக்கு வங்காள அகதிகளின் மறுவாழ்வு, கல்வி, நதிகள், அணுசக்தி என்று ஒவ்வொன்றையும் புள்ளிவிவரத்துடன் பேசினார். ஒருகாலத்தில் திட்டக் குழுவில் தோளோடு தோள் நின்ற நேருவுக்கு அவர் பேச்சுகள் பலமுறை எரிச்சலூட்டின.

நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவரே தலைவர். நம் பஞ்சாங்கங்களில் ஆண்டின் தொடக்கம், இரவும் பகலும் சமமாகும் நாளிலிருந்து ஏறக்குறைய 23 நாள்கள் விலகிவிட்டது என்று காட்டி, மார்ச் 22-இல் தொடங்கும் சக ஆண்டைப் பரிந்துரைத்தார். சித்திரை முதல் நாளை மாற்றிக்கொள்ள நம் வீடுகளில் எவரும் முன்வரவில்லை. என் வீட்டிலும்தான்.

1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில், குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்தில் அப்போது இருந்த திட்டக் குழு அலுவலகத்துக்கு அவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். வழியிலேயே மாரடைப்பு வந்து காலமானார். வயது 62. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அவர் பரிந்துரைத்த நாட்காட்டி அடுத்த ஆண்டு மார்ச் 22-இல் நடைமுறைக்கு வந்தது.

அன்று வகுப்பில் கேட்ட அந்த மாணவர் இதைப் படிக்கக்கூடும். ஆம், தம்பி, இருவரும் ஒருவரே.